லாஸ்பேட்டை குரல்பதிவு அறை: அறைக்கு நாலு ஸ்டார், எடிட்டிங்குக்கு ஒண்ணு

பெண்கள் நாலு பேர் சேர்ந்து கொஞ்சம் பச்சையான காமெடியை வானொலி வடிவில் பதிவு செய்ய வேண்டும். புதுச்சேரியில் அதற்கு லாஸ்பேட்டையிலுள்ள இந்த மாடி அறை தோதான இடம். மணிக்கு 700 ரூபாய். அறையை எடுங்கள், எடிட்டிங்கை மட்டும் அவர்களிடம் கொடுக்காதீர்கள்.

கைதட்டிப் பார்த்தால் எதிரொலி இல்லை. இரண்டே மைக், இரண்டும் டைனமிக், அதாவது கிட்டே பேசுவதை மட்டும் நன்றாகப் பிடிக்கிற வகை. அது நல்லதுதான், நுண்ணிய ஒலியையும் இழுக்கிற கன்டென்சர் வைத்தால் தெருவில் போகும் காய்கறி வண்டிக்காரரும் நிகழ்ச்சியில் நடித்துவிடுவார். மைக்குக்கு இரண்டு பேர், வாயிலிருந்து ஒரு சாண் தூரம். மைக் இரண்டுக்கும் நடுவே மூன்று சாணாவது விடுங்கள். நெருக்கி வைத்தால் ஒரே குரல் இரண்டிலும் ஏறி, டப்பாவுக்குள் பேசுகிற மாதிரி கேட்கும்.

ஏசியை நிறுத்திவிட்டுத்தான் பதிவு. மே மாதத்தில் 20 நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது. ஸ்கிரிப்டை 6, 7 நிமிடத் துண்டுகளாக எழுதிக்கொண்டு போனால் பிழைக்கலாம்.

லெவல், அதாவது பதிவாகும் ஒலியின் அளவு, வைக்கும்போது இன்ஜினியர் தம்பி "ஏதாவது பேசுங்கக்கா" என்பார். பேசாதீர்கள், சிரியுங்கள், வாய்விட்டு. அந்தச் சிரிப்பு மீட்டரில் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாதபடி வைக்கச் சொல்லுங்கள், பூஜ்யம்தான் உச்சவரம்பு. பேச்சுக்கு வைத்த லெவலில் நாலு பேர் சிரித்தால் ஒலி உடையும். உடைந்ததை முழுசாக ஒட்டவைக்க எந்த மென்பொருளாலும் முடியாது. லெவல் வைத்ததும் தம்பியை வெளியே டீ குடிக்க அனுப்பலாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நெளிந்தால் இந்தப் பக்கம் குரல் தானாக இறங்கிவிடும்.

இனி எடிட்டிங். இப்படி ஒரு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"கல்யாணமாகி பத்து வருஷம். எங்க இருக்குன்னு அவருக்கு இன்னும் தெரியலக்கா."

ஒன்றரை விநாடி மௌனம்.

"எதுடி?"

"சக்கரை டப்பா."

ஜோக் அந்த ஒன்றரை விநாடியில்தான் இருக்கிறது. கேட்கிறவர் மனசு எங்கெங்கோ போய் வருவதற்கான நேரம் அது. இங்கே அரை விநாடிக்கு மேல் மௌனம் வந்தால் மென்பொருள் தானே வெட்டிவிடுகிறது. மிஞ்சுவது சமையலறைப் பேச்சு. போதாததற்கு, ஒலி தணிந்தாலே கதவை மூடிவிடும் நாய்ஸ் கேட் போடுகிறார்கள். ரகசியக் குரலில் கேட்ட அந்த "எதுடி" பாதி விழுங்கப்பட்டு வருகிறது. இரண்டையும் எடுக்கச் சொன்னால், "லேக் அடிக்கும்க்கா" என்று பதில்.

வானொலிக்குப் போகும் பிரதி வேறு கதை. லண்டனில் பிபிசி ரேடியோ 4 இந்த வகைக் காமெடிக்கு ராத்திரி 11 மணியை ஒதுக்கிப் பழகியது. நம் ஊரில் காலாப்பட்டு பல்கலைக்கழகத்தின் புதுவை வாணி 107.8 போன்ற சமுதாய வானொலிகள் அகில இந்திய வானொலியின் நிகழ்ச்சி விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. ஒலிபரப்பியதை மூன்று மாதம் வைத்திருக்கவும் வேண்டும், காற்றோடு போச்சு என்று கைகழுவ முடியாது. இதற்கு இவர்கள் சொல்லும் வைத்தியம் பீப். "சக்கரை டப்பா"மீது பீப் போட்டுப் பாருங்கள், பாவம் அந்த டப்பா! சந்தேகமான ஒவ்வொரு வரிக்கும் மாற்று வரி ஒன்றை அன்றைக்கே, அதே இருக்கையில், அதே தூரத்தில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு நாள் வந்து பேசினால் ஒட்டு தெரியும்.

கிளம்பும் முன் யாரும் பேசாமல் அரை நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்து வாங்குங்கள். வெட்டிய இடங்களில் வைத்து அடைக்க அதுதான் சிமென்ட். இரண்டு மைக்கும் தனித்தனி டிராக்காக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சுருக்காத வேவ் கோப்பாகக் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி வரும். கேட்காவிட்டால் எம்பி3 ஆக்கி வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவார்கள். பென் டிரைவ் கையோடு இருக்கட்டும்.