முதல் பேட்ச் ஸ்விட்ச்: உப்புக்காற்றில் எட்டு வருஷம்

2017 நோன்புப் பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) துபாயிலிருந்து வந்தார். பெட்டியில் எனக்கென்று இருந்தது ஒரு நின்டெண்டோ ஸ்விட்ச், கையில் வைத்து விளையாடும் வீடியோ கேம் கருவி. அந்த வருஷம் மார்ச் 3ஆம் தேதிதான் அது சந்தைக்கே வந்தது. நாலு மாசம்கூட ஆகாத முதல் பேட்ச், அதாவது முதல் தவணையில் தயாராகி வந்த தொகுதி. கீழக்கரையில் எங்கள் தெருவில் அதற்கு முன் யாரும் அதைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கவில்லை.

எட்டு வருஷம் தாண்டியும் அது ஓடுகிறது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. முதலில் வாங்கியவன் கையில் இருப்பது ஒன்று, இரண்டு வருஷம் கழித்து அதே பெயரில், அதே விலையில் வாங்கியவன் கையில் இருப்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

2019 டிசம்பரில் மாமா மகன் வாங்கி வந்தான். அவனுடைய அட்டைப்பெட்டி முழுக்கச் சிவப்பு. என்னுடையது அப்படி இல்லை. வேறு வித்தியாசம் எதுவும் வெளியே தெரியவில்லை. அதே 6.2 அங்குலத் திரை, அதே கனம், அதே பொத்தான்கள். கருவியில் அச்சடித்திருக்கும் மாடல் எண்ணைப் பார்த்தால்தான் விளங்கும். என்னுடையதில் எச்ஏசி-001 (HAC-001) என்று இருக்கும். அவனுடையதில் அதற்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு -01 கூடுதல். சந்தைக்கு வந்தபோது அமெரிக்க விலை இரண்டுக்கும் ஒன்றுதான், 299.99 டாலர்.

எங்கள் ஊரில் மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையில் கரண்டை நிறுத்தினால் சாயங்காலம்தான் விடுவார்கள். அப்படி ஒரு நாளில் இரண்டையும் முழுசாக சார்ஜ் ஏற்றி, வெளிச்சத்தைப் பாதியில் வைத்து, வைஃபையை அணைத்து, ஒரே செல்டா விளையாட்டைப் போட்டு உட்கார்ந்தோம். என்னுடையது இரண்டரை மணி நேரத்தில் அணைந்தது. அவனுடையது, மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டு, அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. "மச்சான், ஒங்களோடது பேட்டரி வீக்காப் போச்சு, மாத்துங்க" என்றான். பேட்டரி கொஞ்சம் தேய்ந்திருக்கலாம்தான். ஆனால் முக்கியக் காரணம் அது இல்லை. புதிதாக இருக்கும்போதே அந்த விளையாட்டுக்கு முதல் பேட்ச் சுமார் 3 மணி நேரம், 2019 பேட்ச் சுமார் 5.5 மணி நேரம் என்று நின்டெண்டோவே கணக்குக் கொடுத்திருக்கிறது.

பேட்டரியின் கொள்ளளவு இரண்டிலும் ஒன்றுதான், 4310 எம்ஏஎச். மாறியது சிப். 2017இல் வந்தது 20 நானோமீட்டர் முறையில் செய்த டெக்ரா எக்ஸ்1. 2019இல் அதே சிப்பை இன்னும் நுண்ணிய 16 நானோமீட்டர் முறைக்குக் கொண்டுவந்தார்கள். வேகம் கூடவில்லை, மின்சாரத் தேவை குறைந்தது. நம் கடற்கரையில் சொன்னால் உடனே புரியும். வல்லம் அதே வல்லம், டேங்க் அதே டேங்க், டீசல் குறைவாகக் குடிக்கும் இன்ஜின். அதே டீசலுக்கு இன்னும் தூரம் போய்த் திரும்பலாம்.

இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது. கடலோரத்தில் இருக்கிற எனக்கு மணி நேரக் கணக்கைவிட அதுதான் பெரிசாகப் படுகிறது. மின்சாரத் தேவை குறைந்தால் சூடும் குறையும். ஸ்விட்ச்சுக்குள் ஒரு சின்ன ஃபேன் உண்டு, பின்பக்கம் காற்றை இழுத்து மேலே தள்ளும். சூடு கூடினால் ஃபேன் வேகமாகச் சுற்றும், வெளிக்காற்றை அதிகமாக உள்ளே இழுக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாசங்களில் எங்கள் வீட்டு மாடியில் காய்கிற துணியைத் தொட்டாலே பிசுபிசுக்கும், உதறினால் மணல் விழும். அந்தக் காற்றைத்தான் என் கருவி வருஷக்கணக்காக மூச்சு விட்டிருக்கிறது.

2021இல் முதல் தடவை திறந்தபோது ஃபேன் இறக்கைகளில் ஈரமான சாம்பல் மாதிரி ஒரு படிவு. சார்ஜிங் ஓட்டையின் உலோக ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. ராமநாதபுரத்தில் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன், இந்தச் சாமானைத் தொட மாட்டோம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மூன்று முனை ஸ்க்ரூ டிரைவர் ஒன்றைத் தருவித்து நானே கற்றுக்கொண்டேன். மென்மையான பிரஷ்ஷும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் போதும். கருவியை அணைத்துவிட்டு, முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை செய்கிறேன், கச்சான் ஓய்ந்ததும் ஒன்று, வாடைக்காற்று முடிந்ததும் ஒன்று. மாமா மகனுடையதையும் ஒருமுறை திறந்து பார்த்தேன். அதே ஊர், அதே காற்று, படிவு மட்டும் பாதிகூட இல்லை. அவன் விளையாடுவது என்னைவிடக் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் சூடு குறைந்த சிப்புக்கும் இதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இடது கைப்பிடியின் ஸ்டிக்கைத் தொடாமலே திரையில் ஆள் தானாக நகர ஆரம்பித்தது 2022இல். என் விஷயத்தில் காரணம், கடற்கரைக்கு எடுத்துப் போனபோது உள்ளே போன மணல். சாதாரண ஸ்டிக்கில் உள்ளே ஒரு தொடுமுனை தடத்தில் உரசிக்கொண்டே இருக்கும், தேயும். ஹால் எஃபெக்ட் ஸ்டிக் காந்தப்புலத்தை வைத்து நகர்வைக் கண்டுபிடிக்கிறது, உரசல் இல்லை. அதை வாங்கி மாற்றினேன், இன்றுவரை பிரச்சினை இல்லை. முதல் பேட்ச் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டிய ஒரே ஒரு மாற்றம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். சிப்பை மாற்ற முடியாது, ஸ்டிக்கை மாற்றலாம்.

பிந்திய பேட்ச்சில் எல்லாமே கூடுதல்தான் என்றும் இல்லை. 2018 ஏப்ரலில் இந்த டெக்ரா சிப்பின் பூட் ரோமில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பதை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பூட் ரோம் என்பது கருவியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் நிரல், சிப் தயாராகும்போதே எழுதப்படுவது, விற்றுவிட்ட கருவிக்கு அப்டேட் அனுப்பி அதை அடைக்க முடியாது. அடுத்து வந்த பேட்ச்களில் தொழிற்சாலையிலேயே அடைத்துவிட்டார்கள். அந்த ஓட்டை வழியே சொந்தமாக மென்பொருள் எழுதிப் போட்டுப் பார்க்கிறவர்கள் பழைய சீரியல் எண் உள்ள கருவிகளைத் தேடி வாங்குவது அதனால்தான். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

கைக்கருவிகளில் பின்னால் வாங்கியவனுக்குக் கூடுதலாகக் கிடைப்பது புதுசும் இல்லை. சோனி பிஎஸ்பியின் முதல் மாடலில் 32 எம்பி நினைவகம், 2007இல் வந்த 2000 மாடலில் 64. ஆர்வலர்கள் சேர்ந்து உண்டாக்கிய பண்டோரா என்ற கைக்கருவிக்கு 2008இலேயே முன்பணம் வாங்கினார்கள். முதலில் பணம் கட்டிக் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது 256 எம்பி, பின்னால் வந்த பேட்ச்சில் 512. முன்னால் வந்தவனை மதித்த ஒரு சம்பவமும் உண்டு. 2011இல் 3டிஎஸ் என்ற கைக்கருவியை 249.99 டாலருக்கு விற்ற நின்டெண்டோ அதே வருஷம் ஆகஸ்டில் விலையை 169.99 ஆக இறக்கியது. அதற்கு முன் வாங்கியவர்களுக்கு 20 பழைய விளையாட்டுகளை இலவசமாகக் கொடுத்தது. 80 டாலருக்கு அது ஈடா என்பது வேறு கேள்வி. 'நீ முதலில் வந்தாய், எங்களுக்குத் தெரியும்' என்று சொன்னார்கள் அல்லவா, அது எனக்குப் பிடித்திருந்தது.

என் எதிர்பார்ப்பும் அவ்வளவுதான். பின்னால் வருவது நன்றாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் உள்ளே இருப்பது மாறினால் பெட்டியின் முகப்பிலேயே பெரிதாக எழுத வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ரொம்ப முக்கியம். இங்கே யாரும் கடையில் நின்று எடுத்துப் பார்த்து வாங்குவதில்லை. சபர், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் லீவில் வரும்போது வாங்கி வருவார்கள். தவறான பேட்ச் வந்துவிட்டால் திருப்பிக் கொடுக்கக் கடல் தாண்ட வேண்டும். பழைய கருவி வாங்கச் சொல்லி விடுகிறவர்கள் மாடல் எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சீரியல் எக்ஸ்கேடபிள்யூ (XKW) என்று தொடங்கினால் 2019 பேட்ச், எக்ஸ்ஏடபிள்யூ (XAW) என்றால் அதற்கு முந்தியது.

காத்திருந்திருக்கலாமே என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 2017இல் காக்காவுக்கு நாற்பது நாள் லீவு. இரவு தராவீஹ் தொழுகை முடிந்து வந்து மொட்டை மாடியில் பாய் விரித்து, கைப்பிடிகளை ஆளுக்கொன்றாகக் கழற்றி எடுத்துக்கொண்டு விடியலுக்கு முந்திய சஹர் சாப்பாடு வரை விளையாடினோம். பின்னால் இருக்கும் அந்த மெல்லிய தாங்கி காற்றுக்கு நிற்காது, உம்மாவின் தொதல் டப்பாவைச் சாய்வாக வைத்து நிறுத்துவோம். பெருநாள் முடிந்தும் ஒரு மாசம் அப்படியே போனது. அதற்கடுத்து அவருக்கு அவ்வளவு நீண்ட லீவு கிடைக்கவே இல்லை. 2019இல் அவர் வந்தது வாப்பாவின் ஆபரேஷனுக்காக, பத்து நாள். அந்தப் பத்து நாளில் யாரும் கருவியைத் தொடவில்லை. ஐந்தரை மணி நேரம் ஓடும் கருவி அப்போது கடைக்கு வந்திருந்தது.

இப்போது காக்கா மகன் ஸ்விட்ச் 2 கேட்கிறான். 2025 ஜூன் 5இல் வந்தது, 7.9 அங்குலத் திரை, 5220 எம்ஏஎச் பேட்டரி, 2 முதல் 6.5 மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். முதல் ஸ்விட்ச்சுக்கு ஓஎல்இடி திரை வந்ததே 2021 அக்டோபரில், நாலரை வருஷம் கழித்துத்தான். "சாச்சா, இப்ப வாங்கலாமா, அடுத்த பேட்ச் வரட்டுமா?" என்று போனில் கேட்டான்.

"ஒங்க வாப்பாவுக்கு எப்ப லீவு?" என்று கேட்டேன்.

வருகிற ரமலானுக்கு, முப்பது நாள் என்றான். அப்போதே வாங்கி வரச் சொல்லிவிட்டேன், கூடவே ஈரத்தை உறிஞ்ச ஒரு பாக்கெட் சிலிக்கா ஜெல்லும்.