மெழுகுவர்த்தியா, நாள்காட்டியா?

ஆண்டவருடைய வருகைக்குக் காத்திருக்கிறோம் என்கிறோம். சரி, காத்திருப்பவர் அதுவரை என்ன செய்ய வேண்டும்? அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் 64 வருட இடைவெளியில் இதற்கு இரண்டு பதில்கள் வந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

1780 மே 19. நியூ இங்கிலாந்து பகுதியில் பட்டப்பகலில் இருட்டிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கே விளக்கேற்ற வேண்டியிருந்தது. கோழிகள் அடையப் போய்விட்டன. காட்டுத்தீயின் புகையும் மூடுபனியும் சேர்ந்து செய்த வேலை என்று இப்போது சொல்கிறார்கள். அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்? நியாயத்தீர்ப்பு நாள் வந்துவிட்டது என்று பலர் நடுங்கினார்கள். கனெக்டிகட் சட்டமன்றத்தின் கீழவை கலைந்தது. மேலவையையும் ஒத்திவைக்கலாமா என்று பேச்சு எழுந்தபோது ஆபிரகாம் டேவன்போர்ட் என்ற உறுப்பினர் மறுத்தார். நியாயத்தீர்ப்பு நாள் இன்று இல்லையென்றால் சபையை ஒத்திவைக்கக் காரணமில்லை. இன்றுதான் என்றால், கடமையைச் செய்துகொண்டிருப்பவனாகவே நான் காணப்பட வேண்டும், மெழுகுவர்த்தி கொண்டுவாருங்கள் என்றார்.

இரண்டாவது பதில் வில்லியம் மில்லருடையது. நியூயார்க் மாநிலத்து விவசாயி, பாப்டிஸ்ட் பிரசங்கியார். தானியேல் 8:14இல் வரும் 2300 நாட்களை வருடங்களாக எடுத்து, கி.மு. 457இலிருந்து எண்ணி, 1843 வாக்கில் கிறிஸ்து வருவார் என்றார். அவர் குறித்த காலம் 1844 மார்ச்சில் முடிந்துபோனது. அப்புறம் அவருடைய இயக்கத்தைச் சேர்ந்த சாமுவேல் ஸ்னோ, அந்த வருடம் அக்டோபர் 22 என்று ஒரே நாளாகக் குறித்துக் கொடுத்தார். மில்லர் தயங்கினார், அந்த மாதத் தொடக்கத்தில்தான் அவரே அதை ஏற்றுக்கொண்டார். சிலர் கடையை மூடினார்கள். சிலர் விளைச்சலை வயலிலேயே விட்டார்கள். (வெள்ளை அங்கி உடுத்தி கூரைமேல் ஏறி நின்றார்கள் என்ற கதைக்கு மட்டும் சரியான ஆதாரம் இல்லை, கேலி செய்தவர்கள் பரப்பியது.) 23ஆம் தேதி வழக்கம்போல் விடிந்தது. வரலாற்றில் அதற்குப் பெயரே ‘பெரும் ஏமாற்றம்’.

இதைப் படித்தவுடன் டேவன்போர்ட்டுக்குக் கைதட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அவர் பக்கத்திலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. “நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்க்கிறேன்” என்பது காத்திருப்பவரும் சொல்லக்கூடிய வார்த்தை, மறந்துபோனவரும் சொல்லக்கூடிய வார்த்தை. நம்மில் பாதிப் பேர் இரண்டாவது வகை. ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் “அவ்விடத்திலிருந்து வருவார்” என்று சொல்லிவிட்டு, மத்தியானக் குழம்பை நினைத்துக்கொண்டே உட்காருகிறோம். மில்லரின் ஆட்களாவது வருகிறவருக்காக ஏங்கினார்கள். அந்த ஏக்கத்தைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

அப்படியானால் எதை வைத்து எடைபோடுவது? மத்தேயுவில் அடுத்தடுத்து வரும் இரண்டு உவமைகள் இதற்கு உதவும். தனித்தனியாகவே பிரசங்கம் கேட்டுப் பழகியதால், சேர்த்துப் படிக்க நமக்குத் தோன்றுவதில்லை. 24ஆம் அதிகாரத்தின் முடிவில் ஒரு பொல்லாத ஊழியக்காரன். எஜமான் வர நாள் செல்லும் என்று நினைத்து, உடன்வேலைக்காரரை அடிக்கிறான், வெறியரோடு குடிக்கிறான். எஜமானோ அவன் நினையாத நாளில் வந்துவிடுகிறார். 25ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் பத்துக் கன்னிகைகள். புத்தியில்லாத ஐந்து பேர் விளக்கோடு எண்ணெயை எடுத்துப் போகவில்லை. மணவாளன் சீக்கிரம் வந்துவிடுவான் என்ற கணக்குதானே? அவனோ தாமதிக்கிறான்.

ஒருவன் தாமதமாகும் என்று நினைத்துக் கெட்டான். ஐந்து பேர் சீக்கிரம் என்று நினைத்துக் கெட்டார்கள். கணக்கு எந்தப் பக்கம் தப்பினாலும் அடிதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பத்துப் பேருமே தூங்கிவிட்டார்கள், புத்தியுள்ளவர்களும் சேர்த்து. ஆனால் கதை முடியும்போது “விழித்திருங்கள்” என்கிறார் இயேசு. அப்படியென்றால் விழிப்பு என்பது கண்ணைத் திறந்து வைத்திருப்பதில் இல்லை. நள்ளிரவில் எழுப்பினாலும் கையில் எண்ணெய் இருக்கிறதா என்பதில் இருக்கிறது.

இப்போது இருவரையும் இதில் நிறுத்திப் பாருங்கள். ஆண்டவர் அன்றே வந்திருந்தால்? இருவருக்கும் நஷ்டமில்லை. வராவிட்டால்? டேவன்போர்ட் மறுநாளும் அதே நாற்காலியில் உட்காரலாம். அக்டோபர் 22 வரைக்கும் மட்டும் எண்ணெய் அளந்து வைத்தவர்களோ 23ஆம் தேதி இருட்டில் நின்றார்கள். தெசலோனிக்கேயில் வேலையைவிட்டுத் திரிந்தவர்களுக்கு, வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் கடுமையாக எழுதியதும் ஒரு வகையில் இந்த எண்ணெய்க் கணக்குதான். நியாயத்தீர்ப்பு நாள் 2011 மே 21 என்று வானொலியில் முழங்கி, அது பொய்த்ததும் அக்டோபர் 21க்குத் தள்ளிவைத்த ஹெரால்டு கேம்பிங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல எதுவுமில்லை. மறு வருடம் தன் தவறை அவரே ஒப்புக்கொண்டார்.

பொறுமைக்கு யாக்கோபு காட்டுகிற ஆளைப் பாருங்கள்: பயிரிடுகிறவன். முன்மாரியும் பின்மாரியும் வரும்வரை நீடிய பொறுமையோடு காத்திருக்கிறான். எந்த விவசாயி சும்மா உட்கார்ந்து மழைக்குக் காத்திருக்கிறான்? வரப்பு வெட்டுவான், களை பறிப்பான், வானத்தையும் அண்ணாந்து பார்ப்பான். மழை எந்தத் தேதி என்று அவனுக்குத் தெரியாது, ஆனால் மழையை நம்பித்தான் விதைத்திருக்கிறான். டேவன்போர்ட்டின் உழைப்பும் மில்லரின் ஏக்கமும் அவனிடம் ஒன்றாக இருக்கின்றன. நான் அவன் பக்கம்.

மில்லரும் கடைசியில் அந்தப் பக்கம்தான் வந்து சேர்ந்தார். ஏமாற்றம் நடந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், நவம்பர் 10 தேதியிட்ட கடிதத்தில், மனதில் இன்னொரு காலத்தைக் குறித்துவிட்டேன் என்று எழுதினார்: இன்று, இன்று, இன்று, அவர் வரும்வரை. 1848இல், தன் வீட்டருகே ஒரு சிற்றாலயம் எழுப்பினார். உலகம் 1844க்கு மேல் இருக்காது என்று சொன்ன அந்த விவசாயி கட்டிய ஆலயம் இன்றும் அங்கே நிற்கிறது.