ப்ராகில் ஒரு சோகோல் கூடம்: ஓராண்டு உறுப்பினரின் மதிப்புரை

நான்கு வயது மகளும் நானும் சேர்ந்து உடற்பயிற்சி செய்ய ஓர் இடம் தேடியபோது, ப்ராகில் எங்கள் குடியிருப்புக்கு அருகிலிருந்த, சோகோல் என்னும் செக் உடற்பயிற்சிச் சங்கத்தின் கிளையில் சென்ற ஆண்டு உறுப்பினர்களானோம். கிளையின் பெயரைக் குறிப்பிட விரும்பவில்லை. குறைகளையும் எழுத வேண்டியிருக்கிறது.

சோகோல் என்றால் செக் மொழியில் வல்லூறு. ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் ஆட்சியின் கீழிருந்த செக் மக்களிடையே உடல் வலிமையோடு தேசிய உணர்வையும் வளர்க்கும் நோக்கில், மிரோஸ்லாவ் திர்ஷும் யிந்திரிக் ஃபுக்னரும் 1862 பிப்ரவரியில் இச்சங்கத்தைத் தொடங்கினார்கள். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் சகோதரர், சகோதரி என்று அழைத்து, ஒருமையிலேயே பேசிக்கொள்வது அக்காலத்திலிருந்தே வழக்கம். எங்கள் பயிற்றுநர் அறுபதைக் கடந்தவர். அவரை 'நீ' என்று சொல்ல எனக்கு மூன்று மாதம் நா எழவில்லை.

பெற்றோரும் குழந்தைகளும் சேர்ந்து செய்யும் வகுப்புதான் இங்கே தலைசிறந்தது. எல்லோரும் வரிசையில் நின்று 'நஸ்தார்' என்று வணக்கம் சொல்லித்தான் வகுப்பைத் தொடங்குகிறோம். சுவரோடு பொருத்திய மர ஏணியில் நீள பெஞ்சின் ஒரு முனையைக் கொக்கியால் மாட்டினால், அது சறுக்குமரமாகிவிடுகிறது. என் மகள் முதன்முதலாகக் குட்டிக்கரணம் போட்டபோது, பயிற்றுநர் முட்டி போட்டு அமர்ந்து, ஒரு கையைப் பிடரியிலும் மறு கையைத் தொடையிலும் வைத்து, அவளை மெத்தையில் மெல்ல உருட்டிவிட்டார். அவர் தன்னார்வலர் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆண்டுக் கட்டணம் தனியார் உடற்பயிற்சிக் கூடங்களோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

குறைகளும் உண்டு. குளியலறையில் இரண்டாவது ஆள் குளிப்பதற்குள் வெந்நீர் தீர்ந்துவிடும். கைப்பந்துப் போட்டிக்காகக் கூடத்தைக் கொடுத்துவிட்டு எங்கள் வகுப்பை இருமுறை ரத்து செய்தவர்கள், அந்தச் செய்தியை வாசல் பலகையில் மட்டுமே ஒட்டியிருந்தார்கள். அறிவிப்புகளும் விண்ணப்பப் படிவமும் செக் மொழியில் மட்டுமே கிடைக்கின்றன. எடை தூக்கும் கருவிகளை எதிர்பார்ப்பவர்களுக்கு இந்த இடம் பொருந்தாது.

நுழைவாயிலில், நாஜி ஆட்சியில் உயிரிழந்த கிளை உறுப்பினர்களின் பெயர் பொறித்த கல் இருக்கிறது. 1941 அக்டோபரில் ஒரே இரவில் சோகோல் தலைவர்களை நாடெங்கும் கைது செய்து, சங்கத்தையும் கலைத்தார்கள். போருக்குப் பின் மீண்ட சங்கத்தைக் கம்யூனிஸ்ட் ஆட்சி மறுபடியும் ஒடுக்கியது. 1990இல்தான் அது புத்துயிர் பெற்றது. ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் 'ஸ்லெட்' என்னும் பெருவிழாவில், ஒரே இசைக்கு மைதானம் முழுவதும் கூட்டுப் பயிற்சி நடக்கும். 2024இல் ப்ராகின் ஈடன் அரங்கில் நடந்ததை நான் பார்வையாளனாகத்தான் பார்த்தேன். அடுத்த முறை மகளோடு மைதானத்தில் இறங்க ஆசை.

சேர விரும்புவோர் செப்டம்பர் முதல் வாரத்திலேயே போவது நல்லது. குழந்தைகள் வகுப்பு விரைவில் நிரம்பிவிடுகிறது. கூடத்துக்குள் அணியத் தனிக் காலணி வேண்டும். மறந்தால் அன்று வெறுங்காலோடுதான் பயிற்சி.