காதா, மிஷினா? மலையில் இரண்டு காது மிஷின்களை மாட்டிப் பார்த்த கணக்கு

என்னிடம் இரண்டு காது மிஷின் இருக்கிறது. ஒன்று சார்ஜரோடு சேர்த்து 78,000 ரூபாய். இன்னொன்று 22,000. கோத்தகிரியில் இருக்கும் நாளெல்லாம் நான் மாட்டுவது 22,000 ரூபாய் மிஷினைத்தான். ஏன் என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதிலும் பாதிப் பேர் கேட்பது எனக்குச் சரியாக விழுவதே இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் என் காதைப் பற்றி. 31 வருஷம் தேயிலை ஃபேக்டரியில் இருந்தேன், அதில் கடைசி 14 வருஷம் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர். விதரிங் ட்ரஃப் ஃபேன், சிடிசி ரோலர், டிரையர் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே ஓடும். பக்கத்தில் நிற்பவனிடம் பேசக்கூடக் கத்த வேண்டும். எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று சோதித்து வரையும் ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு காதிலும் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. சத்தத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் விழுகிற பள்ளம்தான், அது பாட்டுக்குக் கிடந்தது. ரிட்டயர் ஆன மறு வருஷம் இடது காது தனி ஆட்டம் ஆட ஆரம்பித்தது. காது அடைத்த மாதிரி கனம், கூடவே 'ஙொய்' என்று இரைச்சல், சில நாள் தலைசுற்றி வாந்தி. இரண்டு மூன்று நாளில் கேட்கும் திறன் திரும்பி வரும். அப்புறம் மறுபடி போகும். ஒவ்வொரு முறையும் கேட்பது கொஞ்சம் குறைவாகத் திரும்பும், இரைச்சல் மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தங்கிவிடும்.

கோயம்புத்தூரில் இஎன்டி டாக்டர் மெனியர் நோய் என்றார். இந்தத் தலைசுற்றலுக்கு மூளை காரணமில்லை, உள்காதுதான் என்று 1861-ல் பாரிசில் எடுத்துச் சொன்ன ப்ரோஸ்பர் மெனியர் என்ற டாக்டரின் பெயர் அது. உள்காதுத் திரவம் மிகுந்து வீங்குவதோடு சேர்த்துச் சொல்கிறார்கள். அதில் முதலில் அடி வாங்குவது தாழ்ந்த சுருதிச் சத்தங்கள். எனக்கு மேல் சுருதியில் பழைய பள்ளம், கீழ் சுருதியில் புதுப் பள்ளம். நடுவில் ஒரு மேடு மிச்சம்.

மாத்திரை, உப்பைக் குறைப்பது பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஊறுகாயும் அப்பளமும் வீட்டை விட்டுப் போய்விட்டன. பீட்டாஹிஸ்டின் என்ற தலைசுற்றல் மாத்திரை சாப்பிடுகிறேன். ஜெர்மனியில் 221 பேரிடம் ஒன்பது மாதம் சோதித்ததில், தலைசுற்றலைக் குறைப்பதில் அதற்கும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று 2016-ல் வந்தது. டாக்டரிடம் கேட்டேன். "தெரியும், உங்களுக்கு ஒத்துவருதுன்னா சாப்பிடுங்க" என்றார். சாப்பிடுகிறேன்.

இரைச்சலுக்கு மருந்து கிடையாது, வெளிச் சத்தம்தான் துணை. எங்கள் ஊர் ராத்திரி அதற்கு நேர் எதிரி. 1953-ல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு அமெரிக்கர்கள், காது நன்றாக இருக்கும் 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்தார்கள். 94 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு சத்தம் கேட்டதாம். நல்ல காதுக்கே அந்தக் கதி என்றால், பத்து மணிக்கு மேல் நாய்கூடக் குரைக்காத கோத்தகிரியில் என் காது என்ன பாடு படும்? ஃபேன் ஓடினால் தூக்கம் வரும் என்று கண்டுபிடித்தோம். ஆனால் இந்த ஊரில் யார் வீட்டில் ஃபேன் இருக்கிறது? மேட்டுப்பாளையம் போய் ஒரு டேபிள் ஃபேன் வாங்கி வந்து, அதைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு இரண்டு கம்பளி போர்த்திப் படுக்கிறோம். கடைக்காரர் முகவரி கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பகலுக்குத்தான் மிஷின், இடது காதில் மட்டும்.

முதலில் வாங்கியது ஆர்ஐசி. காதுக்குப் பின்னால் சின்ன உடம்பு, அதிலிருந்து மயிரிழை மாதிரி ஒரு ஒயர், அதன் முனையில் இருக்கும் ரிசீவர், அதாவது குட்டி ஸ்பீக்கர், காதுத் துளைக்குள்ளேயே போய் உட்காரும். அதன் மேலே டோம் என்று ஒரு சிலிகான் தொப்பி. ராத்திரி சார்ஜ் போட்டால் மறுநாள் முழுக்க ஓடும். இரண்டாவது பிடிஇ, பழைய மாடல். உடம்பு கொஞ்சம் பெரிசு. ரிசீவரும் அந்த உடம்புக்குள்ளேயே. அங்கிருந்து ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாய் வழியாகச் சத்தம் காதுக்கு வரும், குழாயின் முனையில் நம் காதுக்கென்றே அச்செடுத்துச் செய்த மவுல்டு. பேட்டரி செல் போட்டு ஓட்டுவது.

அழகு, எடை, போன் பேசும் வசதி மூன்றிலும் ஆர்ஐசிதான் ஜெயிக்கும். வாதமே வேண்டாம். போன் வந்தால் நேரே காதில் கேட்கும், ஆப்பில் சத்தத்தை ஏற்றி இறக்கலாம். இரைச்சலை மறைக்க அதில் கடல் அலைச் சத்தம்கூட இருந்தது. மலைக்காரன் காதில் நாள் முழுக்கக் கடல் அடித்தால் எப்படி இருக்கும்? இரண்டாம் நாளே நிறுத்தினேன். இரைச்சல் விஷயத்தில் இரண்டு மிஷினும் எனக்கு ஏறக்குறைய ஒன்றுதான். வெளிச் சத்தம் காதுக்குள் வந்தால் இரைச்சல் பின்னுக்குப் போகிறது, கழற்றினால் திரும்பி வருகிறது.

பின்னே என்னதான் தீர்மானித்தது? ஈரம். ஈரம் மிஷினைக் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், நான் சொல்ல வருவது வேறு. ஏறி இறங்கும் காது உள்ளவனுக்கு, ஒரு நாள் காலையில் சத்தம் மங்கினால் மங்கியது காதா மிஷினா என்று தெரியாது. நிலையாகக் குறைந்த காது உள்ளவருக்கு இந்தக் குழப்பம் இல்லை. நேற்றுக் கேட்டது இன்று கேட்கவில்லை என்றால் மிஷின்தான் என்று ரிப்பேருக்குக் கொடுத்துவிடுவார். எனக்கு அப்படி இல்லை.

ஆர்ஐசி வாங்கிய ஏழாவது மாதம், ஐப்பசி மழை. ஒரு காலை எல்லாம் தூரத்தில் கேட்டது. தலைசுற்றல் இல்லை, அடைப்பு மட்டும். காதுதான் என்று நினைத்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு நான்கு நாள் இருந்தேன். சரியாகவில்லை. 33 கிலோமீட்டர் மேட்டுப்பாளையம், அங்கிருந்து கோயம்புத்தூர், ஒரு நாள் போனது. ஆடியாலஜிஸ்ட் ரிசீவர் முனையிலிருந்த கடுகளவு வெள்ளை மூடியைப் பிடுங்கிவிட்டுப் புதுசைச் செருகினார். குறும்பியும் ஈரமும் சேர்ந்து அடைத்திருந்ததாம். அரை நிமிஷ வேலை. மூடியை மாற்றும் குச்சியை முதலிலேயே கொடுத்திருந்தார்கள். அந்தக் கடுகை என் கண்ணும் விரலும் சேர்ந்து பிடிப்பது வேறு விஷயம்.

சரி, பாடம் கற்றுக்கொண்டேன் என்று நினைத்தேன். தை மாதம் மறுபடி அதே மாதிரி மங்கியது. இந்த முறை மூடியை மாற்றினேன், சரியாகவில்லை. ரிசீவரே போய்விட்டது என்று முடிவு கட்டி, மிஷினை மகளிடம் கொடுத்து அனுப்பினேன். கடையில் வைத்துப் பார்த்து, மிஷினில் ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுக்க ஒன்பது நாள் ஆனது. விழுந்தது காது. டாக்டர் புது ஆடியோகிராமைப் பார்த்துவிட்டு, "எப்ப இருந்துங்க?" என்றார். பன்னிரண்டு நாள் என்றேன். மூன்று நாளுக்குள் 30 டெசிபலுக்கு மேல் இப்படி விழுந்தால் அது அவசரம், முதல் இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்றார். மாத்திரையும் செவிப்பறை வழியாக ஊசியும் கொடுத்தார். கொஞ்சம் திரும்பியது. முன்னாடியே போயிருந்தால் முழுக்கத் திரும்பியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ராத்திரியில் ஃபேன் ஓடும்போது அந்த ஒன்பது நாள் ஞாபகம் வரும்.

அதற்குப் பிறகுதான் பிடிஇ. இனி நான் சொல்லப்போவது முரணாகத் தெரியும்: ஈரத்தில் அடிக்கடி மக்கர் செய்வது பிடிஇதான். காதுக்குள் இருக்கும் சூடான ஈரக் காற்று குழாயில் ஏறும். வெளியே பத்து டிகிரிக் குளிர். குழாயின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோக்கும், ஒரு முத்து குறுக்கே நின்றாலும் சத்தம் செத்துவிடும். மார்கழியில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை நடக்கும். ஆனால் அது கண்ணுக்குத் தெரியும். மிஷினைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் முத்து மின்னும். காது மேல் மாட்டும் கொக்கியிலிருந்து குழாயை உருவி, அதற்கென்று விற்கிற ரப்பர் பல்பால் இரண்டு அமுக்கு, 'புஸ்' என்று தண்ணீர் வெளியே வந்துவிடும். மறுபடி மாட்டிக் கேட்கிறதா என்று பார்ப்பேன். கேட்டால் மிஷின், கேட்காவிட்டால் அடுத்த சோதனை.

அடுத்த சோதனை என் மனைவி. டாக்டர் ஸ்டெத்தாஸ்கோப் மாதிரியே ஒன்று கிடைக்கிறது, முனையில் மட்டும் மவுல்டைச் செருகும் ரப்பர் இருக்கும். அவள் அதைக் காதில் மாட்டிக்கொண்டு என்னைப் பேசச் சொல்வாள். "ஏங்க, மிஷின் நல்லாத்தான் கத்துது. உங்க காதுதான் இன்னிக்கு லீவு" என்று சொன்னால் விஷயம் முடிந்தது. ஒரு நாள் பார்ப்பேன், மறுநாளும் அப்படியே என்றால் பஸ் ஏறிவிடுவேன். இரண்டு வருஷத்தில் இரண்டு முறை அப்படி ஏறியிருக்கிறேன், இரண்டு முறையும் மூன்றாம் நாளுக்குள் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஆர்ஐசியையும் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம் என்கிறார்கள். எங்களிடம் இருக்கும் ரப்பரில் அந்த டோம் நிற்கவில்லை.

இன்னொன்று, காது மேலும் விழுந்தால் என்ன செய்வது? என் ஆர்ஐசியில் கூடுதல் சக்தி வேண்டுமென்றால் ரிசீவரையே பெரிசாக மாற்ற வேண்டும், தனிக் காசு. பிடிஇயில் இடம் தாராளம். நல்ல நாளுக்கு ஒரு புரோகிராம், மோசமான நாளுக்கு ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், பட்டனை அழுத்தினால் மாறும். தவிர எனக்குக் கீழ் சுருதிதான் வேண்டும். ஆர்ஐசியில் இருக்கும் ஓட்டை வைத்த டோம் வழியாக அது வெளியே ஒழுகிவிடும், மவுல்டு பிடித்து வைக்கும். அதற்கும் ஒரு விலை உண்டு. மவுல்டு போட்டால் நம் குரலே பானைக்குள் பேசுகிற மாதிரி கேட்கும். காது நன்றாக இருக்கும் நாளில் அது பெரிய எரிச்சல். மவுல்டில் ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்த பிறகு கொஞ்சம் தேவலை.

உலர்த்துவது இரண்டுக்கும் பொது. இலையில் இருக்கும் முக்கால் பங்குக்கு மேலான ஈரத்தை 3 சதவீதத்துக்கு இறக்கிப் பழகியவன் நான், ஈரத்தோடு எனக்குப் பழைய பகை. இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் நீல சிலிக்கா ஜெல், அதன் மேல் துணி, அதன் மேல் மிஷின். ஜெல் ஈரம் குடித்தால் ரோஸ் ஆகும். கோயம்புத்தூர் மருமகன் வீட்டில் மாதக்கணக்கில் நீலமாக இருப்பது, இங்கே மழைக்காலத்தில் நான்கே நாளில் ரோஸ். தவாவில் மெல்லிய சூட்டில் வறுத்தால் திரும்பவும் நீலம். அந்தத் தவாவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், சமையலுக்கு வேண்டாம். செல்லைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு மிஷினை மட்டும் டப்பாவில் போட வேண்டும். இந்தச் செல் காற்றை இழுத்து ஓடுவது, ஜெல்லோடு வைத்தால் அதுவும் காய்ந்துபோகும்.

செல் என்றதும் கரண்ட் ஞாபகம் வருகிறது. மழைக்காற்றில் கம்பி மேல் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் இருந்தபோது ஆர்ஐசி பொம்மையாகிவிட்டது. பிடிஇக்கு 13-ம் நம்பர் செல், ஆரஞ்சு ஸ்டிக்கர். ஸ்டிக்கரை உரித்து ஓரிரு நிமிஷம் காற்று வாங்க விட்டுப் போட்டால் எனக்கு ஒன்பது பத்து நாள் வரும். எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்காது, கீழே போகும்போது நான்கு அட்டை வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

அரசு இலவச மிஷினை ஏன் வாங்கவில்லை என்று கேட்பார்கள். மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில் கொடுக்கிறார்கள், உண்மைதான். ஆனால் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி இரண்டு காதிலும் பேச்சுச் சுருதியில் 60 டெசிபல் இழப்பாவது இருக்க வேண்டும். என் வலது காது அவ்வளவு மோசமில்லை.

எல்லோருக்கும் பிடிஇதான் என்று சொல்ல மாட்டேன். மேல் சுருதி மட்டும் போய், அது ஏறி இறங்காமல் இருந்தால் ஆர்ஐசி ஓட்டை டோமோடு நன்றாகவே இருக்கும், சமவெளியில் இருப்பவர் என்றால் இன்னும் நல்லது. நாள் முழுக்க போனில் பேசும் வேலைக்காரர்களுக்கும் அதுதான். நான் மாட்டிப் பார்த்தது ஒரு ஆர்ஐசி, ஒரு பிடிஇ, ஒரு காதில். துளைக்குள் முழுசாக மறையும் மிஷினைத் தொட்டதே இல்லை. ஒரு காதில் மட்டும் மாட்டுவதால் சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்பது இன்னும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. இரண்டு மிஷினும் அதைத் தீர்க்கவில்லை. சாயங்காலம் தோட்டத்து வழியாக வரும்போது காட்டுமாடு மூச்சு விட்டால் அப்படியே நின்று நான்கு பக்கமும் பார்க்கிறேன்.

ஆர்ஐசியை விற்கப் பார்த்தேன், பாதி விலைக்குக்கூடக் கேட்க ஆளில்லை. இப்போது மகள் வீட்டுக்குப் போகும்போது மட்டும் எடுத்துப் போகிறேன். மலை இறங்க இறங்கக் காது அடைக்கும், கொட்டாவி விட்டு எச்சில் விழுங்கிக்கொண்டே வருவேன். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ சொல்லிவிட்டு பிடிஇயைக் கழற்றி டப்பாவில் போடுவேன், ஆர்ஐசியை மாட்டுவேன். அப்புறம் மகளுக்குப் போன் போட்டால் அவள் குரல் நேரே காதுக்குள் வரும்.