கேவர்னா, ஹசியெண்டாவா?

லிவர்பூலின் கேவர்ன் கிளப், 1957-ல் ஒரு கிடங்கின் நிலவறையில் ஜாஸ் இசைக்காகத் திறக்கப்பட்டது. காற்றோட்டம் இல்லை, சுவரில் ஈரம் வழியும். அங்கேதான் 1961 முதல் 1963 வரை பீட்டில்ஸ் கிட்டத்தட்ட 300 முறை மேடையேறினார்கள்.

மான்செஸ்டரின் ஹசியெண்டா கிளப் நேரெதிர். ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனமும் நியூ ஆர்டர் இசைக்குழுவும் பணம் போட்டு, 1982-ல் திறந்த விசாலமான கூடம். முதலில் நேரடி இசை, அப்புறம் டிஜேக்கள் ஒலிக்கவிடும் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை. 80-களின் கடைசியில் கூட்டம் பிதுங்கியும் கல்லா நிறையவில்லை. எக்ஸ்டசி என்ற போதை மாத்திரை போட்டவர்கள் மதுவை விட்டுத் தண்ணீர் குடித்தால் எப்படி நிறையும்? 1997-ல் மூடினார்கள், இடித்த இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள்.

கேவர்னும் 1973-ல் மூடப்பட்டதுதான். ஆனால் 1984-ல் பழைய செங்கற்கள் பலவற்றை வைத்தே திரும்பக் கட்டிவிட்டார்கள். துணிச்சலுக்கு என் ஓட்டு ஹசியெண்டாவுக்கு. நேரில் போய்ப் பாட்டுக் கேட்க, சரி, கேவர்ன்தான்.