கப்புக்குத் தனிக் காசா, தள்ளுபடியா, டெபாசிட்டா?

பேப்பர் கப்பின் உள்பக்கத்தில் நகத்தால் கீறிப் பார்த்தால் மெல்லிய படலம் ஒன்று உரிந்து வரும். அது பாலிஎத்திலின் என்ற பிளாஸ்டிக். காகிதம் டீயில் ஊறிப்போகாமல் காப்பது அதுதான். அதே படலத்தால்தான் சாதாரணக் காகித ஆலையில் இந்தக் கப்பைக் கூழாக்க முடிவதில்லை. பிரிட்டனில் ஆண்டுக்கு 250 கோடி கப் குப்பைக்குப் போகிறது, 400-ல் ஒன்றுகூட மறுசுழற்சி ஆவதில்லை என்ற கணக்கு 2018-ல் அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின் முன் வந்தது. கப்புக்கு 25 பென்ஸ் வாங்கலாம் என்று அந்தக் குழு சொன்னதும் அப்போதுதான். ஆகவே கப்பை வாங்காமல் இருக்கச் செய்வதுதான் வழி. அதற்கு மூன்று ஏற்பாடுகள் நடைமுறையில் இருக்கின்றன.

முதலில் தள்ளுபடி. சொந்தக் கப் கொண்டுவந்தால் விலையில் கொஞ்சம் குறைப்பார்கள். கடைக்காரருக்கு இதுதான் சுலபம், வாடிக்கையாளர் யாரும் சண்டைக்கு வரமாட்டார். ஆனால் பலன் மிகக் குறைவு. கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல காபிக் கடைகளில் சோதித்துப் பார்த்தபோது, கப்புக்குக் கட்டணம் வைத்த இடங்களில் சொந்தக் கப் பயன்பாடு 3.4 சதவீதம் கூடியது. தள்ளுபடி கொடுத்த இடங்களில் மாற்றமே இல்லை. கையை விட்டுப் போகும் ஐந்து ரூபாய் உறுத்துகிற அளவுக்கு, கைக்கு வரும் ஐந்து ரூபாய் இழுப்பதில்லை. தள்ளுபடியை மட்டும் நம்பி ஒரு கடை இறங்கினால், ஏற்கெனவே கப் கொண்டுவந்துகொண்டிருந்த சிலருக்கு விலை குறையும். அவ்வளவுதான்.

இரண்டாவது, தனிக் கட்டணம். இதில் இரண்டு நகரங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கனடாவின் வான்கூவரில் 2022 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு கப்புக்கும் 25 சென்ட் வசூலிக்க வேண்டும் என்று விதி வந்தது. அந்தக் காசு கடையிலேயே தங்கியது. குப்பையைக் குறைக்கச் செலவிடுங்கள் என்று நகராட்சி கேட்டுக்கொண்டதே தவிர, கட்டாயமாக்கவில்லை. ‘எங்களிடம் காசு வாங்கிக் கடைக்காரரிடம் கொடுக்கிறீர்களே’ என்ற மக்களின் கேள்விக்கு நகராட்சியிடம் பதில் இல்லை. 2023 மே 1-ல் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள்.

அதே 2022 ஜனவரி 1-ல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரம் வேறு வழியில் போனது. கப், தட்டு போன்ற ஒருமுறைப் பொருள் ஒவ்வொன்றுக்கும் 50 சென்ட், முள்கரண்டி, ஸ்ட்ரா போன்றவற்றுக்கு 20 சென்ட் வரி. கட்ட வேண்டியவர் விற்பவர், பணம் போவது நகராட்சிக் கஜானாவுக்கு. கூடவே, கழுவிப் பயன்படுத்தும் பாத்திரங்களும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் வாங்கக் கடைகளுக்கு நகராட்சி மானியம் கொடுத்தது. ஒரு மெக்டொனால்ட்ஸ் கிளையை நடத்துபவர் தொடுத்த வழக்கு ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் வரை போனது. வரி செல்லும் என்ற தீர்ப்பு 2025 ஜனவரியில் வெளியானது. இத்தனைக்கும் காசெல் நகரம் போட்ட இதே மாதிரி வரியை 1998-ல் ரத்து செய்ததும் அந்த நீதிமன்றம்தான்.

டூபிங்கனில் குப்பை குறைந்ததா? பொதுத் தொட்டிகளில் சேரும் குப்பையின் எடையைப் பார்த்த பல்கலைக்கழக ஆய்வில் குறிப்பிடத்தக்க சரிவு தெரியவில்லை. வரியை எதிர்ப்பவர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். எங்கள் பார்வையில் எடை இங்கே தவறான அளவுகோல். ஒரு கப் ஏறக்குறைய பத்து கிராம்தான். ஆனால் மூடியோடு நிற்கும் கப்புகள் ஒரு தொட்டியைச் சீக்கிரமே அடைத்துவிடும், பிறகு வருவதெல்லாம் தரையில் விழும். எத்தனை கப், தொட்டி எத்தனை மணிக்கு நிரம்புகிறது என்று எண்ண வேண்டும்.

கட்டணம் வைப்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் மூன்று. காபி விலைக்குள்ளேயே கப் காசைச் சேர்த்துவிட்டால் வாங்குபவர் கண்ணில் அது படவே படாது. விலைப் பலகையில் ஒருமுறை, பில்லில் தனி வரிசையாக இன்னொருமுறை தெரிய வேண்டும். இரண்டாவது, செயலியில் ஆர்டர் செய்பவருக்குச் சொந்தக் கப் என்று தேர்ந்தெடுக்க இடமில்லாவிட்டால் அவர் தப்பிக்கவே முடியாத கட்டணத்தைக் கட்டுகிறார். மூன்றாவதுதான் முக்கியம்: கப்புக்குக் காசு கேட்கும் அதே கவுண்டரில் மாற்றுக் கப் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வீட்டில் மறந்துவிட்டு வந்தவருக்கு வேறு வழியில்லை என்றால் அது வெறும் விலையேற்றம்.

மூன்றாவது ஏற்பாடான டெபாசிட் இந்த இடத்தில்தான் வந்து சேர்கிறது: கழுவிப் பயன்படுத்தும் கப்புக்கு முன்பணம் வாங்கி, கப் திரும்பி வந்ததும் கொடுத்துவிடுவது. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரம் 2016-ல் 1 யூரோ டெபாசிட்டில் ஊர் முழுக்க ஒரே கப்பைச் சுற்றில் விட்டது. எந்தக் கடையில் வாங்கினாலும் சேர்ந்திருக்கும் வேறெந்தக் கடையிலும் திருப்பித் தரலாம். அயர்லாந்தின் கில்லார்னியில் 2023 ஜூலை முதல் ஊர்க் காபிக் கடைகள் கூடிப் பேசி ஒருமுறைக் கப்பையே நிறுத்திவிட்டு 2 யூரோ டெபாசிட் கப்புக்கு மாறின. டென்மார்க்கின் ஆர்ஹுஸில் 2024 ஜனவரி முதல் தெருவிலேயே இயந்திரங்கள் நிற்கின்றன. கப்பை உள்ளே போட்டு வங்கி அட்டையைக் காட்டினால் 5 குரோனர் திரும்பி வரும்.

டெபாசிட்டில் கணக்குப் பிசகினால் கடை நஷ்டப்படும். நாளுக்கு 100 பார்சல் காபி விற்கும் கடையை எடுத்துக்கொள்வோம். ஒரு கப் திரும்பி வரச் சராசரியாக மூன்று நாள் ஆனால் 300 கப் வெளியே இருக்கும். கழுவிக் காயவைப்பதில் ஒரு நாள், அது 100. ஆக 400 கப் இல்லாமல் தொடங்கக் கூடாது. 150 மட்டும் வாங்கி வைத்தால் இரண்டாம் நாளே பேப்பர் கப்புக்குத் திரும்ப வேண்டியதுதான். டெபாசிட் தொகை கப்பின் அடக்க விலையைவிடக் குறைந்தால், திரும்பாத ஒவ்வொரு கப்பும் இழப்பு. மிகவும் கூட்டினால் ஆட்கள் பேப்பர் கப்பையே கேட்பார்கள். இன்னொன்று, டெபாசிட்டில் கொடுக்கும் பாலிப்ரொப்பிலின் என்ற பிளாஸ்டிக் கப் சூட்டைப் பிடித்து வைக்காது, அதனால் கழுவும் இயந்திரத்திலிருந்து ஈரமாகவே வெளியே வரும். ஈரத்தோடு ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும், மறுநாள் வாடை வீசும். கவிழ்த்து, காற்றுப் புகும் கம்பித் தட்டில் உலர்த்தியே அடுக்க வேண்டும்.

எங்கள் முடிவு: பார்சல் வியாபாரம் மிகுந்த கடைத்தெருவுக்குக் கட்டணமும் டெபாசிட்டும் சேர்ந்தே வர வேண்டும், கட்டணப் பணம் கழுவும் ஏற்பாட்டுக்குப் போக வேண்டும். பெரும்பாலோர் உட்கார்ந்து குடிக்கும் கடைக்கு இந்த இரண்டுமே தேவையில்லை. பீங்கான் கோப்பையை முதலில் நீட்டினால் போதும், கேட்பவருக்கு மட்டும் பேப்பர் கப்.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, 2023-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. தடை செய்த பொருளுக்குக் கட்டணம் வைக்க முடியாது. ஆனால் டெபாசிட் நமக்குப் புதிதல்ல: டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டில் வந்ததும் திருப்பித் தரும் முறை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022-ல் நீலகிரியில் தொடங்கியது. காலி பாட்டிலை வைக்க இடமில்லை, எண்ண ஆளில்லை என்று அங்கே ஊழியர்கள் சொன்ன குறைதான் டீக்கடைக் கப்புக்கும் வரும். தெருமுனை டீக்கடைக்குக் கண்ணாடி கிளாஸ் ஏற்கெனவே இருக்கிறது. குறைவது ஓடும் தண்ணீரும் இரண்டாவது தொட்டியும்தான். ஒரே வாளியில் முக்கி எடுத்த கிளாஸைப் பார்த்து முகம் சுளிப்பவர்தான் பேப்பர் கப் கேட்கிறார். கழுவ ஒரு தொட்டி, வெந்நீரில் அலச ஒரு தொட்டி என்று வாடிக்கையாளர் கண்ணெதிரே வைத்தால் பேப்பர் கப் கேட்பது குறையும்.