ஞாயிற்றுக்கிழமை, பைண்டிங் புத்தகம், ஐந்து ரூபாய் ரயில்

பட்டியலோடு பழைய புத்தகம் வாங்கப் போகிறவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன மாதம் என்னோடு வந்த தோழி செல்போனில் 11 தலைப்புகளைக் குறித்துக்கொண்டு வந்து, அதில் ஒன்றுகூடக் கிடைக்காமல், கடைசியில் கண்ணில் பட்ட ஒரு சமையல் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, "இதுக்கா இவ்ளோ தூரம் இழுத்துட்டு வந்தே?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் சொல்வது சென்னை திருவல்லிக்கேணி பாரதி சாலையை. பழைய ஆட்களுக்கு அது இன்னும் பைகிராப்ட்ஸ் ரோடுதான். ஞாயிற்றுக்கிழமை ஷட்டர் இறங்கிய கடைகளின் முன்னால், பிளாட்பாரத்தில் தார்ப்பாய் விரித்துப் பழைய புத்தகங்களைக் கொட்டி வைப்பார்கள். ஒன்றரை வருடமாக மாதம் ஒரு தடவையாவது போய்க்கொண்டிருக்கிறேன்.

போனதும் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். முக்கால்வாசி இடத்தை டிஎன்பிஎஸ்சி கைடு, நீட் கைடு, என்ஜினியரிங் புத்தகங்கள் பிடித்திருக்கும், வியாபாரம் அதில்தான், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அடுத்து ஆங்கில நாவல்கள், எல்லாம் ஒரே விலை என்று குவித்திருப்பார்கள். தமிழ் பெரும்பாலும் ஓரத்தில், சாக்கு மூட்டைக்குப் பக்கத்தில், முட்டி போட்டுக் குனிந்து பார்க்க வேண்டிய உயரத்தில் இருக்கும். முட்டி போடுங்கள். நல்லதெல்லாம் அங்கேதான்.

எனக்கு அங்கே வேண்டியது ஒன்றே ஒன்று: பைண்டிங் புத்தகம். இருபது வயதுக்காரர்களுக்காகச் சொல்கிறேன், இது பதிப்பகம் போட்ட புத்தகம் இல்லை. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாரா வாரம் பக்கம் கிழியாமல் பிரித்தெடுத்து, அடுக்கிச் சேர்த்து வைத்து, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்து நூல் தையல் போட்டு, காலிக்கோ துணி ஒட்டி, கெட்டி அட்டை வைத்து வாங்கி வருவார்கள். எங்கள் வீட்டில் அம்மா பைண்டருக்குக்கூடக் கொடுக்க மாட்டார், கோணி ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு தானே உட்கார்ந்துவிடுவார். மைதா பசை காய்ச்சும்போது அதில் துளி மயில்துத்தம் போடுவார், பூச்சி வராமல் இருக்க. மயில்துத்தம் விஷம் என்பதால் அந்தப் பசையை எங்களைத் தொடக்கூட விடமாட்டார்.

இந்த மாதிரிப் புத்தகத்தில் படிப்பதற்கும் அதே கதையைப் புதுப் பதிப்பில் படிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதைப் படித்தால்தான் தெரியும். முதல் விஷயம் படம். தில்லானா மோகனாம்பாளைச் சினிமாவாகப் பார்த்தவர்கள் கோடிப் பேர், ஆனால் கொத்தமங்கலம் சுப்பு அதைக் கலைமணி என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதியபோது கோபுலு போட்ட ஓவியங்களோடு பக்கம் பக்கமாகப் பார்ப்பது வேறு அனுபவம், சண்முகசுந்தரம் சிவாஜி முகத்தோடு வரமாட்டார். இரண்டாவது, அத்தியாயத்தின் முடிவு. வாரப் பத்திரிகைக்கு எழுதியவர்களுக்கு ஏழு நாள் வாசகரைப் பிடித்து வைக்க வேண்டிய கட்டாயம், அதனால் கதவு தட்டப்படும், கடிதம் பிரிக்கப்படும், "தொடரும்". சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஒரு அத்தியாயம் என்று ஆரம்பித்தால் மணி ஒன்றரை ஆகிவிடும், கண் எரியும்.

மூன்றாவது விஷயம், எனக்குப் பிடித்தது, பக்கத்தின் பின்புறம். தொடர்கதைப் பக்கத்தின் மறுபக்கத்தில் வேறு யாரோ எழுதிய சிறுகதையின் பாதி இருக்கும், பல்பொடி விளம்பரம் இருக்கும், வாசகர் கடிதம், ஒரு ஜோக். வெட்டும்போது ஜோக்கின் கடைசி வரி போயிருக்கும். டாக்டரிடம் நோயாளி ஏதோ கேட்கிறார், டாக்டர் என்ன சொன்னார் என்பது பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது. கடுப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் நான் ஒன்றுவிடாமல் படிப்பேன்.

விலை விஷயம். சாதாரணத் தமிழ்ப் புத்தகங்களை 30, 50, 80 என்று வாங்கியிருக்கிறேன். பைண்டிங் அப்படி இல்லை. சேகரிப்பவர்கள் தேடி வருகிறார்கள் என்பது கடைக்காரர்களுக்கும் தெரிந்துவிட்டது.

"இது என்ன விலைண்ணே?"

"பைண்டிங் மேடம் இது, தனி ரேட்டு. நானூறு குடுங்க."

"அட்டையே கழண்டு வருதே அண்ணே."

"அட்டை கழண்டா என்னா மேடம், உள்ள படம் பாருங்க. இந்தப் படத்துக்கே குடுக்கலாம்."

படத்தைப் பார்த்தேன், அதுதான் நான் செய்த தப்பு. பேரம் பேசும்போது உள்ளே பிரித்து ரசிக்கக் கூடாது, முகம் காட்டிக்கொடுத்துவிடும். 320-க்கு முடித்தேன், அதுவும் பக்கத்தில் கிடந்த இரண்டு மாத நாவல்களைச் சேர்த்து எடுத்ததால்.

வாங்கும் முன் இதை மட்டும் செய்யுங்கள்: முதல் அத்தியாயத்தையும் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள், நடுவில் அத்தியாய எண்களை விரலால் ஓட்டிப் பாருங்கள். கடைசிப் பக்கத்தில் "முற்றும்" இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. 1970-களில் வந்த ஒரு குடும்பக் கதை, 38 அத்தியாயம், வெள்ளி இரவு ஆரம்பித்து ஞாயிறு மத்தியானம் கடைசி அத்தியாயத்துக்கு வந்தால், கதாநாயகி எழும்பூர் ஸ்டேஷனில் பெட்டியோடு நிற்கிறாள், தூரத்தில் யாரோ வருகிறார்கள், "தொடரும்". அதற்கப்புறம் வெறும் அட்டை. யாரோ ஒருவர் 38 வாரம் பொறுமையாகச் சேர்த்தவர் கடைசி இதழை மட்டும் எப்படி விட்டார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஊருக்குப் போயிருந்தாரோ, பத்திரிகையை இரவல் கொடுத்து திரும்பி வரவில்லையோ. கதையின் பெயரைச் சொல்ல மாட்டேன், படிக்கிற யாராவது முடிவைப் போட்டு உடைத்துவிடுவீர்கள்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. ஒரே மத்தியானத்தில் ஒரு முழுக்கதை படித்து முடிக்க வேண்டும் என்றால் மாத நாவல்கள், ராணி முத்து 1969-இல் ஆரம்பித்த வரிசை, பழையவை நிறையக் கிடைக்கும், சிலது ரொம்ப சுமார், ஆனால் பயணத்துக்கு ஏற்றவை. அப்புறம் சோவியத் புத்தகங்கள். மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மூலம் இங்கே சில ரூபாய்க்கு விற்ற கெட்டி அட்டைப் புத்தகங்கள். சோவியத் யூனியன் 1991-இல் போய்விட்டது, தையல் மட்டும் இன்னும் விடவில்லை. குழந்தைகளுக்கு வாங்குவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்குங்கள், படங்கள் அவ்வளவு நன்றாக இருக்கும்.

எங்கே போனாலும் "மூர் மார்க்கெட் மாதிரி வருமா" என்று யாராவது ஒரு பெரியவர் பெருமூச்சு விடுவார். சென்ட்ரல் பக்கத்தில் 1900-இல் திறந்த அந்தச் சந்தை 1985 மே மாதம் தீயில் போய்விட்டது, நான் பார்த்ததில்லை, அதனால் ஒப்பிடவும் முடியாது. அந்த வியாபாரிகளுக்காகப் பின்னால் கட்டிக் கொடுத்த அல்லிக்குளம் வளாகத்துக்கு ஒரு தடவை போனேன், எனக்குத் திருவல்லிக்கேணிதான் ஒட்டியது. இங்கே பேரத்துக்குப் பிறகு பசித்தால் திருவல்லிக்கேணி ஹைரோடில் 1948-லிருந்து நடக்கிற ரத்னா கபே இருக்கிறது. இட்லி மூழ்கும் அளவுக்குச் சாம்பார் ஊற்றுவார்கள், போதாது என்றால் இன்னும் ஊற்றுவார்கள். கை கழுவிவிட்டுப் புத்தகத்தைத் தொடுங்கள், அவ்வளவுதான்.

இனி ரயில். திருவல்லிக்கேணி பறக்கும் ரயில் நிலையத்தில் ஏறினால் ஐந்து ரூபாய் டிக்கெட். கலங்கரை விளக்கம், முண்டகக்கண்ணி அம்மன் கோவில், மயிலை, மந்தைவெளி, பசுமைவழிச் சாலை, அடுத்து கோட்டூர்புரம். இறங்கிக் கொஞ்சம் நடந்தால் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பர் 15-இல் திறந்தது, ஒன்பது தளம், அதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஆனால் பலரும் கவனிக்காத ஒன்று தரைத்தளத்தில் இருக்கிறது, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கிற பிரிவு. பெரும்பாலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். அவர்களுக்கு நடுவில் நான் காலிக்கோ அட்டையைப் பிரித்து, கதாநாயகி மாமியாரிடம் என்ன பதில் சொன்னாள் என்று படித்துக்கொண்டிருப்பேன். எதிரே ஒரு பையன் இந்திய அரசியலமைப்புச் சட்டத்தை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறான். கொஞ்சம் குற்ற உணர்வாக இருக்கும், போகப் போகப் பழகிவிடும். காபிக்கு இருநூறு ரூபாய் கொடுத்து, பாட்டுச் சத்தத்தில் படிக்கிற கடைகளைவிட இது எவ்வளவோ மேல், இங்கே "வேற ஏதாவது வேணுமா" என்று யாரும் வந்து நிற்பதில்லை.

போனிலேயே படிக்கலாமே என்பவர்களுக்கு: படிக்கலாம், நானும் படிக்கிறேன். மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகம் 1998-இலிருந்து பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தட்டச்சு செய்து போட்டு வருகிறது, பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு குறுந்தொகைப் பாட்டு படிக்க அதுதான் கை கொடுக்கிறது. ஆனால் சனி ஞாயிறு முழுக்க ஒரே கதையில் கிடக்க வேண்டும் என்றால் கைக்கு ஒரு கனம் வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் உடனே அலமாரியில் வைக்காதீர்கள். ராமபாணப் பூச்சி ஒன்று உள்ளே இருந்தால் பக்கத்துப் புத்தகத்துக்கும் போய்விடும். நான் இரண்டு நாள் நிழலில், காற்றாட, பக்கங்களை விசிறி மாதிரி நிறுத்தி வைப்பேன். வெயிலில் வைத்தால் அந்தக் காலத்துத் தாள் அப்பளமாக நொறுங்கும். அப்புறம் ஒரு வசம்புத் துண்டு அலமாரி மூலையில். பாச்சை உருண்டை வேண்டாம், படிக்கும்போது தலை வலிக்கிறது. கழன்ற அட்டையை செலோடேப் போட்டு ஒட்டிவிடாதீர்கள், சில வருடத்தில் மஞ்சள் கறை இறங்கி எழுத்தையே தின்றுவிடும்.

என் எழும்பூர் ஸ்டேஷன் கதாநாயகிக்கு வருகிறேன். இதே ரயில் பாதையில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் தரமணி, அங்கே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களையும் பத்திரிகைகளையும் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் இங்கேயே வைத்து 1994-இல் உருவான நூலகம். அந்த வாரத்து இதழ் அங்கே இருக்கக்கூடும், ஒரு நாள் லீவு போட்டுப் போய்க் கேட்க வேண்டும்.

அதற்குள் அம்மாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அட, அந்தக் கதையா! அவ பம்பாய் போய் நர்ஸாயிடுவாடி, அவன் கடைசி வரைக்கும் கல்யாணமே பண்ணிக்க மாட்டான்" என்று நான் காதைப் பொத்துவதற்குள் முழுசாகச் சொல்லி முடித்தார். இரண்டு நாள் பேசவில்லை நான். மூன்றாம் நாள் அவரே போன் செய்தார். நர்ஸானவள் வேறு பத்திரிகையில் வந்த வேறு கதைக்காரியாம், இரண்டு கதையும் ஒரே சமயத்தில் வந்ததாம், இந்தக் கதை எப்படி முடிந்தது என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லையாம். "நீ தரமணி போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ" என்றார்.